வனப்பு என்னும் சொல்

அழகு, எழில், கவின் என்பவற்றோடு வனப்பையும் சேர்த்து ‘ஒரு பொருள் குறித்த பல சொல்’ என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். நானும் அவ்வாறே கற்பித்தவன்தான்.

ஆசிரியப் பணியேற்ற புதிதில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். அம்மைத் தழும்பு நிறைந்த முகம், பூ விழுந்த ஒரு கண், கூனிய முதுகு. இவற்றை ஒளியாது சொல்லிவிட்டு, பாட்டி வனப்புடையவள் என்று முடித்திருந்தான். நான் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, ‘பொருந்தாச் சொல்’ என்று ஓரத்தில் குறித்தேன். ஒன்றும் பேசாமல் ஏட்டை வாங்கிச் சென்றான். அதன்பின் தன் வீட்டாரைப் பற்றி அவன் எழுதவேயில்லை.

ஓய்வு பெற்றபின் தொல்காப்பியச் செய்யுளியலைப் பழைய உரையோடு மீண்டும் படித்தேன். செய்யுளின் உறுப்புகள் 34. அவற்றுள் இறுதி எட்டும் அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்பன. இவ்வெட்டுக்கும் பொதுப்பெயர் வனப்பு. அழகு அவற்றுள் ஒன்றே! உறுப்புகள் பல ஒன்றுதிரண்ட இடத்துத் தோன்றுவதே வனப்பு என்பது உரையாசிரியராகிய பேராசிரியர் கருத்து. மோனை ஒன்றையோ தொடை ஒன்றையோ பிரித்தெடுத்துக் காட்டி, ‘இதோ வனப்பு’ என்று சொல்லுதல் இயலாது.

‘வனை’ என்னும் வினையோடு இச்சொல்லை இயைத்துக் காண்பது பொருந்தும் என்பது என் எண்ணம். குயவர் பானை வனைகின்றார்; வாயும் கழுத்தும் வயிறும் ஒரே மண்திரளினின்று எழுகின்றன அல்லவா?

இதற்கு மாறான வழக்கும் உண்டு, மறைத்தல் முறையன்று. சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசான் மயிர், மார்பு, நகம், காது, பல் என ஒவ்வோர் உறுப்புக்கும் வனப்பு என்ற சொல்லையே வழங்குகின்றார். ஆயினும், வழங்கிய கையோடு அவையெல்லாம் வனப்பல்ல என மறுத்து, நூலுக்கு இயைந்த சொல்லுக்கே அப்பெயரை உரியதாக்குகின்றார்.

தழும்பையும் கண்ணையும் முதுகையும் தனித்தனியே எண்ணியவன் நான். பாட்டியை முழுமையாகக் கண்டவன் அவன். இன்று அவனுக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். எவ்வூரில் உள்ளானோ, அறியேன். இப்பேச்சு அவன் செவியில் விழுமாயின், அந்த ஓரக்குறிப்பை அடித்துவிடுமாறு அவனைக் கேட்டுக்கொள்கிறேன்.