மருத்துவச்சிக்கு மேற்படிப்பு எதற்கு?

(தாராவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைப்பேறு பார்க்க மேற்படிப்பு எதற்கு என்று நம்மவர்களே கேட்கிறார்கள். பேறு பார்ப்பது பாதி வேலைதான். அதற்கு முந்திய மாதங்களில் தாயின் உடல்நலத்தைப் பேணக் கற்றுத்தருவது மீதி வேலை.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு இரத்தசோகை. இத்தனைக்கும் இரும்புச்சத்து மாத்திரையை அரசு இலவசமாகத்தான் தருகிறது. மலம் கறுக்கிறது, குமட்டுகிறது என்று பயந்து, நம் பெண்கள் அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறார்கள். விழுங்குகிறவர்களும் தேநீரோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. ‘கறுப்பது கெடுதலல்ல, குமட்டினால் சாப்பிட்டபின் போடு, தேநீரைத் தள்ளிக் குடி’ என்று, மாமியார் காதிலும் விழும்படி, அவர்கள் மொழியிலேயே பொறுமையாகச் சொல்ல வேண்டும். சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல் அது ஒரு நிமிட வேலையல்ல.

செவிலியர் படிப்பு முடித்தவர்களுக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சியை இந்திய அரசு 2018இல் அறிவித்தது. மும்பையிலிருந்து அதற்குப் போகிறவர்களில் தமிழறிந்த நம் பெண்களும் இருக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. கல்யாணம் என்று சொல்லி, செவிலியராக இருக்கும் மகளை வேலையிலிருந்து நிறுத்தாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கட்டும்! விண்ணப்பம் எழுதித்தர ரயில்வே குமாஸ்தாக்கள் நாங்கள் இருக்கிறோம். ஞாயிறுதோறும் சங்கத்துக்கு வாருங்கள்.