வயல் வேலையும் எலிக்காய்ச்சலும்



நெல்லுக்கு வரும் எரிபந்தத்தைப் பற்றியும் தத்தியைப் பற்றியும் நாம் பலமுறை பேசியுள்ளோம். பயிரைக் காப்பவனுக்கு வரும் நோயைப் பற்றிப் பேசுவதோ குறைவு. ஆகவே, வயலிலே வேலை செய்வதனாலேயே உண்டாகும் எலிக்காய்ச்சலைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றோம்.

ஒருவன் செய்யும் தொழிலே அவனுக்கு நோயைத் தரக்கூடும் என்பதை விரிவாக ஆராய்ந்தவர் இத்தாலி நாட்டு வைத்தியர் பேர்ணாடினோ ரமற்சினி. 1700ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட நூலில், கமக்காரர் உட்படப் பல தொழிலாளருக்கு வரும் நோய்கள் விளக்கப்பட்டுள்ளன. நோயாளியிடம் அவன் செய்யும் தொழில் யாது என்பதையும் வைத்தியர் கேட்டறிதல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கருத்தாகும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

எலிக்காய்ச்சலின் காரணம் யப்பானிலே கண்டறியப்பட்டது. கியூஷு தீவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தோருக்குக் காய்ச்சலும் மஞ்சள் நிறமும் கண்டு பலர் மாண்டனர். இனாடா, இடோ என்னும் வைத்தியர்கள் ஆராய்ந்து, லெப்ரோஸ்பைரா என இன்று அழைக்கப்படும் நுண்கிருமியே இதற்குக் காரணம் என 1915ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எலிகள் அக்கிருமியைத் தம் சிறுநீரகத்தில் சுமந்து திரிகின்றன என்பதும் பின்னர் தெளிவாயிற்று. சுரங்கத்தில் தேங்கிய நீருக்கும் வயலில் தேங்கிய நீருக்கும் இவ்விடயத்தில் வேறுபாடு இல்லை.

நோய் பரவும் விதம் இதுவே. எலியின் சிறுநீரோடு கிருமி வெளியேறி நீரிலும் ஈரமண்ணிலும் கலக்கின்றது. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் அது பல நாட்கள் உயிரோடிருக்கும். உலர்ந்த இடத்தில் விரைவில் அழியும். காலிலுள்ள வெட்டுக்காயம், சிராய்ப்பு, நெடுநேரம் நீரில் நின்று ஊறிய தோல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியாக அது உடலினுட் புகும். மாடு முதலிய கால்நடைகளும் இக்கிருமியைச் சுமக்கலாம்.

இது நம் நாட்டுக்குப் புதிய நோயன்று. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்தனர். 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பெருமழை வெள்ளத்தின் பின்னர், யாழ்ப்பாண மாவட்டத்திலும் இந்நோய் பரவிச் சிலரைப் பலிகொண்டது. மரக்கறித் தோட்டம் செய்வோரும், தேங்கிய நீரிலும் சேற்றிலும் வெறுங்காலுடன் இறங்குவோராயின், இதனை நெற்செய்கையாளரின் நோய் என்று விட்டுவிடலாகாது.

இனி, செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, தடுப்புக் குளிசை. டொக்சிசைக்கிளின் என்னும் மருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் இலவசமாகக் கிடைக்கும். சேற்றில் இறங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணுங்கள். வளர்ந்தோருக்கு வழமையாக 100 மில்லிகிராம் குளிசைகள் இரண்டு, வாரத்துக்கு ஒருமுறை, உணவின் பின் கொடுக்கப்படும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் இதனை உட்கொள்ளலாகாது. குளிசை முழுக் காப்பு அன்று. ஆகவே ஏனையவற்றையும் கைவிடாதீர்கள்.

இரண்டாவது, காயத்தைக் காத்தல். காலில் காயமுள்ளவர் அது ஆறும் வரை சேற்றில் இறங்காதிருத்தல் நன்று. இறங்கியே ஆகவேண்டுமாயின், நீர் புகாதவாறு காயத்தை மூடிக்கொள்க. வரம்பு செதுக்கும்போதும் வாய்க்கால் துப்புரவு செய்யும்போதும் இறப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் அணிக. ஆழ்ந்த சேற்றிலே சப்பாத்துடன் நடப்பது கடினம் என்பதை நாம் அறிவோம். அங்ஙனமான வேலைக்குக் குளிசையும் காயக்காப்புமே துணை. வயல் நீரிலே வாய் கொப்பளித்தல், முகம் கழுவுதல் வேண்டாம். வேலை முடிந்ததும் தூய நீரில் சவர்க்காரமிட்டுக் குளியுங்கள்.

மூன்றாவது, எலியைக் குறைத்தல். அகன்ற வரம்பிலே எலி எளிதில் வளை தோண்டும். ஆதலால் வரம்பை ஒடுக்கமாக அமைத்துப் புல்லைச் செதுக்கி வைத்திருங்கள். ஒரு வெளியிலுள்ளோர் யாவரும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுவடை செய்தால், எலிக்குத் தொடர்ந்து தீனி கிடையாது. இது பயிருக்கும் உயிருக்கும் நன்மை தரும். இறந்த எலியை வெறுங்கையால் தொடாது ஆழப் புதையுங்கள்.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வரக்கூடும். சேற்றில் வேலை செய்து பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள், சிலவேளை ஒரு மாதத்துக்குள், நோய் வெளிப்படும். திடீர்க் காய்ச்சல், கடுந் தலையிடி, கெண்டைக்காற் தசையிலே நோவு, கண் சிவத்தல் என்பன அறிகுறிகள். பின்னர் கண் மஞ்சளாகலாம், சிறுநீர் குறையலாம். உழைத்த அலுப்பு என்று எண்ணி, கடையில் நோமாத்திரை வாங்கி விழுங்கி மறுநாளும் வயலுக்குப் போவதே உயிருக்கு ஆபத்தாகின்றது. சிறுநீரகமும் நுரையீரலும் பழுதடைந்த பின் காப்பாற்றுதல் அரிது. தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் பெரும்பாலானோர் குணமடைவர்.

ஆகவே உடனே ஆசுபத்திரிக்குச் செல்லுங்கள். சென்றதும், நீங்கள் வயலிலே வேலை செய்தவர் என்பதை வைத்தியர் கேட்குமுன்னரே கூறுங்கள். டெங்கு முதலிய பிற காய்ச்சல்களும் இவ்வாறே தொடங்குவதால், அவர் நோயைப் பிரித்தறிய உங்கள் சொல்லே வழிகாட்டும். ரமற்சினி வற்புறுத்திய கேள்விக்கு நீங்கள் முந்திக் கொடுக்கும் விடை அதுவாகும்.

இறுதியாக ஒன்று. நாற்று நடவும் களை பிடுங்கவும் கூலிக்கு வரும் ஆணும் பெண்ணும் உங்கள் வயற் சேற்றிலேயே நிற்கின்றனர். விதைநெல்லையும் பசளையையும் ஆயத்தம் செய்யும்போது, அவர்களும் குளிசை பெற்றுள்ளனரா என்பதைக் கேட்டறியுங்கள். வரும் போகத்தில் உழவு தொடங்குமுன் இதனை முதல் வேலையாகக் கொள்ளுங்கள்.