ஃபிரான்ஸ் ஃபனான்: மருத்துவரான புரட்சியாளர்

கரீபியன் கடலில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட மார்ட்டினிக் தீவில், 1925 ஜூலை 20 அன்று ஃபிரான்ஸ் ஃபனான் பிறந்தார். அவர் படித்த பள்ளியில் கவிஞர் எமே செசேர் ஆசிரியராக இருந்தார். கறுப்பு மனிதன் தன்னை எண்ணி வெட்கப்படத் தேவையில்லை என்ற துணிவை அத்தீவின் இளைஞர்களுக்கு ஊட்டியவர் செசேர்.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்துப் போரிடத் தீவை விட்டுப் புறப்பட்ட ஃபனான், அல்சேஸ் போர்முனையில் காயமடைந்து வீரப்பதக்கம் பெற்றார். சுதந்திரத்துக்காகப் போரிட்ட அந்தப் படைக்குள்ளேயே வீரர்கள் நிறத்தின்படி தரம் பிரிக்கப்பட்டதை அவர் கண்ணாரக் கண்டார். போருக்குப் பின் லியோன் நகரில் மனநல மருத்துவம் பயின்றார். 1952இல் வெளிவந்த 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற அவருடைய முதல் நூல், இனவெறி அதற்கு ஆளானவரின் உள்ளத்துக்குள் எப்படிக் குடியேறுகிறது என்பதை ஆராய்ந்தது.

1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் அவர் பொறுப்பேற்றார். அவருடைய சிந்தனையைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டிய இடம் இதுவே. வட ஆப்பிரிக்கர்கள் இயல்பிலேயே மூளை வளர்ச்சி குன்றியவர்கள், வன்முறையாளர்கள் என்று அல்ஜியர்ஸ் மருத்துவ வட்டாரம் அப்போது போதித்துவந்தது. ஃபனான் தம் நோயாளிகளுக்காக இசை நிகழ்ச்சிகள், திரைப்படங்கள், கைத்தொழில் வகுப்புகள் ஆகியவற்றை ஏற்பாடு செய்தார். ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் நல்ல பலன் கிடைத்தது. முஸ்லிம் ஆண்கள் பிரிவிலோ யாரும் ஒட்டவில்லை. நோயாளிகள் மீது அவர் பழி போடவில்லை. ஐரோப்பிய வாழ்க்கை முறையை அப்படியே அவர்கள் மேல் சுமத்தியதே தவறு என்று, உடன் பணியாற்றியவருடன் சேர்ந்து கட்டுரையாகவே எழுதினார். பிறகு அந்தப் பிரிவில் உள்ளூர்ப் பாணியில் ஒரு காப்பிக்கடை வந்தது. அவர்களுடைய பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. கதைசொல்லி ஒருவர் வந்து கதை சொன்னார். நோயாளிகள் வாய் திறந்தனர்.

1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்தது. சித்திரவதைக்கு ஆளானவர்களும் சித்திரவதை செய்த காவல்துறையினரும் ஒரே மருத்துவரிடம் வந்தனர். குடும்பத்தையே அடித்துத் துன்புறுத்தத் தொடங்கியிருந்த காவல் அதிகாரி ஒருவர், வேலையை விடாமலே மன உறுத்தலின்றிச் சித்திரவதை செய்ய உதவும்படி கேட்டதை ஃபனான் பதிவு செய்திருக்கிறார். ஒரு சமூகமே மனிதரை மனிதரல்லாதவராக ஆக்கும்போது, தனியொரு நோயாளியைக் குணப்படுத்தி எங்கே திருப்பி அனுப்புவது? இந்தக் கேள்வியால் அவர் 1956இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு அவரை நாடு கடத்தியது. துனிசுக்குச் சென்று, அந்தப் போரை நடத்திய அல்ஜீரிய தேசிய விடுதலை முன்னணியின் இதழில் எழுதினார். 1960இல் கானாவில் அல்ஜீரியத் தற்காலிக அரசின் தூதரானார்.

இரத்தப் புற்றுநோய் முற்றிய நிலையில், 1961இல் சில மாதங்களுக்குள் அவர் உருவாக்கிய நூல் 'பூமியின் சபிக்கப்பட்டவர்கள்'. ஆதிக்கத்தின் வன்முறையே எதிர்வன்முறையைப் பிறப்பிக்கிறது என்ற முதல் அத்தியாயமும், பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தரின் ஆவேசமான முன்னுரையும் அவரை வன்முறையின் தூதராகக் காட்டிவிட்டன. இது அநியாயமான வாசிப்பு. அவரைக் கடுமையாக விமர்சித்த அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட்டே, அபிமானிகளைவிட ஃபனானுக்கு வன்முறை குறித்து ஐயம் அதிகம் என்று ஒப்புக்கொண்டார். நூலின் கடைசிப் பகுதி முழுக்க, போர் இரு தரப்பிலும் சிதைத்த மனங்களைப் பற்றியது. நடுவில் உள்ள அத்தியாயமோ விடுதலைக்குப் பின் வரும் ஆபத்தைச் சொல்கிறது: வெள்ளை எசமானர்களின் நாற்காலியில் உள்ளூர் மேட்டுக்குடி அமரும், ஒற்றைக் கட்சி மக்களை வாய்மூட வைக்கும் என்று அது எச்சரித்தது.

1961 டிசம்பர் 6 அன்று, 36 வயதில், அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் அவர் காலமானார். அவர் விரும்பியபடியே உடல் அல்ஜீரிய மண்ணில் புதைக்கப்பட்டது. 1962 ஜூலையில் அந்நாடு விடுதலை பெற்றது. 1963இல் ஒற்றைக் கட்சி ஆட்சி சட்டமாயிற்று. 1965இல் இராணுவம் அதிகாரத்தைக் கைப்பற்றியது.

அமெரிக்காவில் கருஞ்சிறுத்தைகள் கட்சியை நிறுவியவர்கள் அவரைப் படித்தனர். தென்னாப்பிரிக்காவில் ஸ்டீவ் பிக்கோவின் கறுப்பு விழிப்புணர்வு இயக்கமும், பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரேயின் கல்விச் சிந்தனையும், ஈரானில் அலி ஷரியத்தியின் எழுத்தும் அவருக்குக் கடன்பட்டவை. பிளிடா மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய மருத்துவக் கட்டுரைகள் 2015இல் பிரெஞ்சில் தொகுக்கப்பட்ட பிறகு, மருத்துவர் ஃபனானையும் புரட்சியாளர் ஃபனானையும் ஒருவராகவே படிக்கும் போக்கு வலுப்பெற்றிருக்கிறது.