விரலும் எழுத்தும்

யப்பான் நாட்டுக் கடையொன்றிலே கணினி விசைப்பலகை ஒன்றை வாங்கி மேசைமீது வைத்துப் பார்ப்போமாயின், அதன் விசைகள் பெரும்பாலானவற்றில் இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். ஒன்று உரோமன் எழுத்து. மற்றையது யப்பானிய எழுத்து. ஆயினும், அதனை வாங்கிச் செல்லும் யப்பானியருள் மிகப் பெரும்பாலோர் தம் தாய்மொழியை எழுதும்போதும் உரோமன் எழுத்தையே தட்டுகின்றனர். சொந்த எழுத்து விரலின் கீழேயே இருக்க, அயலெழுத்தின் வழியே சுற்றிச் சென்று தம் மொழியை எழுதுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

யப்பானிய மொழி இருவகை எழுத்துகளைக் கலந்து எழுதப்படுவது. சீனத்திலிருந்து வந்த கருத்தெழுத்துகள் ஒருவகை; இவற்றைக் கன்ஜி என்பர். பொதுப் பயன்பாட்டுக்கென 2010ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 கன்ஜி எழுத்துகள் உள்ளன. மற்றொரு வகை கானா என்னும் அசையெழுத்து. நம்முடைய உயிர்மெய் போன்று, ‘க’ என்பதற்கு ஓர் எழுத்து, ‘கி’ என்பதற்கு ஓர் எழுத்து என்று அமைந்தது. இதற்கு இரு வடிவங்கள் உண்டெனினும், அடிப்படை எழுத்துகள் ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறே. இத்தனை எழுத்துகளையும் பத்து விரல்களுக்கு எவ்வாறு பங்கிடுவது? வடிவமைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுண்டு. விரல் ஒருமுறை தட்டினால் கிடைக்க வேண்டியது முழு எழுத்தா? ஓர் அசையா? அன்றி அசையின் பாதியா?

முழு எழுத்தே வேண்டும் என்று எண்ணியவர் சுகிமோட்டோ கியோட்டா. 1915ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய யப்பானியத் தட்டச்சுப் பொறியில் ஏறக்குறைய 2,400 அச்செழுத்துகள் ஒரு தட்டிலே அடுக்கப்பட்டிருந்தன. தட்டச்சாளர் ஒரு பிடியை நகர்த்தி, வேண்டிய எழுத்தைத் தேடியெடுத்துத் தாளிலே பதிப்பார். அலுவலகங்கள் பல்லாண்டுகள் அப்பொறியால் பயன் பெற்றன. எனினும், அது அச்சுக்கோப்பவரின் வேலையை ஒத்ததேயன்றி, எண்ணத்தோடு ஒட்டி ஓடும் எழுத்தாகாது. தனிப் பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் அதனைத் தொடவும் தயங்கினர்.

அசையே போதும் என்று கொண்டோர் மற்றொரு வழியிற் சென்றனர். கருத்தெழுத்துகளை விடுத்துக் கானாவினால் மட்டுமே எழுத வேண்டும் என்னும் இயக்கம் ஒன்று 1920ஆம் ஆண்டில் அமைப்பாக உருப்பெற்றது. அவர்களுக்கென அமெரிக்காவின் அண்டர்வுட் தட்டச்சு நிறுவனத்தைச் சார்ந்த பர்னம் ஸ்டிக்னி கானா விசையமைப்பொன்றை வகுத்தார். இன்றைய விசைப்பலகைகளில் உள்ள கானா எழுத்துகளின் இடங்கள் அதன் வழித்தோன்றலே. 1972ஆம் ஆண்டில் அது நாட்டின் தரமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால், எழுத்துகள் நாற்பத்தாறினையும் மூன்று வரிசைகளுள் அடக்க இயலாமல், எண்களுக்குரிய நான்காம் வரிசையையும் அவை பிடித்துக்கொண்டன. விரல்கள் எட்டி எட்டித் தட்ட வேண்டியதாயிற்று.

கருத்தெழுத்துச் சிக்கல் பின்னர் வேறொரு வகையாலே தீர்ந்தது. 1978ஆம் ஆண்டில் தோஷிபா நிறுவனம் அறிமுகம் செய்த சொற்செயலிப் பொறியில், எழுதுவோர் ஒலியை மட்டும் தட்டினார். அதற்குரிய கன்ஜியைப் பொறியே தேடிக் காட்டிற்று. ‘ஹஷி’ என்று தட்டினால் பாலமா, உணவுக் குச்சியா, ஓரமா என்று தெரிவு செய்து கொள்ளலாம். அப்பொறியின் எடை 220 கிலோகிராம். விலையோ 63 இலட்சம் யென். மேசையையே விழுங்கி நின்ற அப்பொறியின் கருத்துத்தான் இன்று சட்டைப் பையிலே அடங்கியிருக்கின்றது. இதன்பின், விசைப்பலகை சுமக்க வேண்டியது ஒலியை மட்டுமே என்றாயிற்று.

இங்கேதான் வடிவமைப்பாளரின் திறன் உண்மையிற் சோதிக்கப்பட்டது. உரோமன் வழியில் ‘சகுரா’ என்று எழுத எஸ், ஏ, கே, யூ, ஆர், ஏ என ஆறு தட்டுகள் வேண்டும். கானா வழியிலோ மூன்றே போதும். நாள் முழுவதும் எழுதுபவரின் விரல்களுக்கு இது சிறு வேறுபாடன்று. எனவே, கானாவை மூன்று வரிசைகளுள் அடக்க வழி தேடினர். புஜிட்சு நிறுவனத்தின் கண்டா யசுநோரி கண்ட வழி நுட்பமானது. பிற விரல்கள் ஓடிக்கொண்டிருக்க, பெருவிரல்கள் இரண்டும் பெரும்பாலும் வாளாவிருப்பதை நாம் அறிவோம். அவற்றுக்கு ஆளுக்கொரு விசை கொடுத்தார் அவர். ஒரு விசையைத் தனியே தட்டினால் ஓர் எழுத்து. அதே கையின் பெருவிரலோடு சேர்த்துத் தட்டினால் மற்றோர் எழுத்து. ‘கடல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் ககரம் வேறுவேறாக ஒலிக்கின்றதல்லவா? அவ்வொலி வேறுபாட்டை யப்பானியர் எழுத்தின் தோளிலே இரு சிறு கோடுகள் இட்டுக் காட்டுவர். புஜிட்சுவின் அமைப்பிலே மறு கையின் பெருவிரலைச் சேர்த்துத் தட்டினால் அந்த ஒலி கிடைத்துவிடும். ஓர் அசைக்கு ஒரே அசைவு; விரல் தன் இடத்தைவிட்டு அதிகம் நகர வேண்டுவதில்லை.

இந்த அமைப்பு 1980ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. 1983ஆம் ஆண்டில் என்.ஈ.சி. நிறுவனத்தின் மொரிட்டா மசசுகே உயிரொலிகளை இடக்கையிலும் மெய்யொலிகளை வலக்கையிலும் வைத்து மற்றோர் அமைப்பை வகுத்தார். 1986ஆம் ஆண்டில் அரசே, அடிக்கடி வரும் எழுத்துகளை வலிய விரல்களுக்கு அளித்து, மூன்று வரிசைகள் கொண்ட புதிய தரமொன்றை வெளியிட்டது.

நேயர்களே, இவற்றின் முடிவு யாதாயிற்று? அரசின் புதிய தரம் ஆள்வோர் இன்றி 1999ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. மொரிட்டாவின் அமைப்பை இன்று அறிந்தோர் சிலரே. பெருவிரல் விசைப்பலகையை எழுத்தாளர் சிலர் இறுதிவரை கைவிடாதிருந்தனர். எனினும் 2021ஆம் ஆண்டில் புஜிட்சு அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது. இரட்டிப்பு உழைப்பைக் கேட்ட உரோமன் வழியே நிலைத்தது.

இது யப்பானியரின் மொழிப்பற்றுக் குறைவு என்று கருதுவது பிழையாகும். கணினியைத் தொடுவோர் எப்படியும் ஆங்கில எழுத்து இருபத்தாறின் இடங்களைக் கற்றேயாக வேண்டும். அவற்றைக் கற்றபின் மேலும் நாற்பத்தாறு இடங்களைக் கற்பானேன் என்று கை கேட்கின்றது. உரோமன் எழுத்து தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கப்படுகின்றது. மேலும், பெருவிரல் அமைப்பில் தேர்ந்தவர் வேறோர் அலுவலகத்துக்குச் சென்றால், அங்குள்ள பலகை அவருக்கு உதவாது. சிறந்த அமைப்புகள் விரலின் களைப்பை அளந்தன. பழக்கத்தின் வலிமையை அளக்கத் தவறின.

கதை இத்துடன் முடியவில்லை. 2008ஆம் ஆண்டில் ஐபோன் யப்பானுக்கு வந்தபின், கைபேசியில் எழுதும் புதுமுறை ஒன்று பரவிற்று. பத்து விசைகள், ஒவ்வொன்றும் ஒரு கானா வரிசை. ககர விசையைத் தொட்டால் ‘க’, இடப்புறம் தள்ளினால் ‘கி’, மேலே ‘கு’, வலப்புறம் ‘கெ’, கீழே ‘கொ’. இந்த வரிசைமுறைதானும் வடமொழி ஒலியியலைக் கற்ற பௌத்தத் துறவிகளின் வழியே அமைந்தது என்பது அறிஞர் துணிபு; ஆதலின் தமிழ்ச் செவிக்கு அது அந்நியமன்று. மேசையிலே தோற்ற கானா உள்ளங்கையிலே வென்றது. ஏன்? அந்தச் சிறு கண்ணாடிப் பரப்பிலே பழைய பழக்கம் எதுவும் வேரூன்றியிருக்கவில்லை. சொந்த எழுத்து முதலில் வந்து சேர்ந்தது; இளைஞர் கை அதனை ஏற்றுக்கொண்டது.

இதிலே நமக்கும் ஒரு செய்தி உண்டு. உயிரை இடக்கையிலும் மெய்யை வலக்கையிலும் வைக்கும் அமைப்பொன்று தமிழுக்கும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 1999ஆம் ஆண்டில் ஏற்ற தமிழ்99 என்னும் விசையமைப்பே அது. ஆயினும் நம்முள் எத்தனையோ பேர் ‘அம்மா’ என்னும் சொல்லையும் உரோமன் எழுத்தின் வழியாகவே தட்டுகின்றோம். அமைப்பு நன்றாயிருந்தால் மட்டும் போதாது. பழகாத கைக்கு அது முதலாவதாக வந்து சேர வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் முன் எந்த விசைப்பலகையை வைக்கின்றோம் என்பதே, அப்பிள்ளை வாழ்நாள் முழுவதும் தன் மொழியை எவ்வழியே எழுதும் என்பதைத் தீர்மானிக்கின்றது. அத்தீர்மானம் பொறி செய்வோர் கையில் மட்டும் இல்லை. பெற்றோர் கையிலும் ஆசிரியர் கையிலும் இருக்கின்றது.