ஹேண்ட்ஹெல்டுக்கு எந்த கேஸ்? கல்லாவியில் இருந்து ஒரு கேள்வி

இந்த வாரம் எந்த கேம் நல்லா இருக்கு, எந்தக் கருவி வேகமா ஓடுதுன்னு பேசப் போறதில்லை. கருவியை வாங்கின பிறகு வருகிற கேள்விகளைப் பேசலாம். எந்த கேஸ் வாங்கணும், ஸ்கிரீனுக்கு கிளாஸ் ஒட்டணுமா, எந்த சார்ஜர், எதெல்லாம் வீண் செலவு.

கேள்வி கேட்டது என் சித்தி பையன். ஊர் கல்லாவி. கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை தாலுகா. ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வாரம் முழுக்க அங்கே ரூம், லீவு கிடைத்தால் பஸ் ஏறி ஊருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் காசு சேர்த்து ஸ்டீம் டெக் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். "அண்ணா, யூடியூப்ல பத்து வீடியோ பார்த்துட்டேன். எல்லாரும் இருபது ஐட்டம் காட்டுறாங்க. எனக்கு எது நிஜமா வேணும், அத மட்டும் சொல்லுங்க" என்றான்.

அந்த வீடியோக்களில் தப்பு இல்லை. ஆனால் அதெல்லாம் சோபாவில் உட்கார்ந்து, ஏசி அறையில் விளையாடுகிறவருக்காக எடுத்தது. இவனுடைய கருவி இருக்கப் போகிற இடம் வேற. டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், யூனிஃபார்ம் எல்லாம் திணித்த ஒரே பை. அந்தப் பை பஸ்ஸில் சில நேரம் மடியில், சில நேரம் மேல் ரேக்கில், கூட்டம் இருந்தால் காலடியில். அதனால் அவனுக்கான பட்டியலும் வேற.

முதலில், இது ஏன் முக்கியம்னு சொல்லிடறேன். ஸ்டீம் டெக்கை வால்வ் நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. நிண்டெண்டோவுக்கும் இங்கே அதிகாரப்பூர்வ விற்பனை இல்லை. நம்ம ஆட்கள் கையில் இருப்பதில் பெரும்பாலானவை வெளிநாட்டில் இருந்து யாரோ கொண்டு வந்தவை, இல்லைன்னா இறக்குமதி செய்து விற்கும் கடைகளில் வாங்கியவை. ஸ்கிரீன் உடைந்தால் தூக்கிக்கொண்டு போக கம்பெனி சர்வீஸ் சென்டர் கிடையாது. அசூஸ் ராக் ஆலை மாதிரி இங்கேயே விற்கிற கருவிகளுக்கு வாரண்டி உண்டு. ஆனால் அது 2023இல் இந்தியாவுக்கு வந்தபோதே விலை 69,990 ரூபாய். அதுவும் கீழே போட்டு உடைத்தால் சாதாரண வாரண்டியில் வராது. ஆக, நமக்கு கேஸ்தான் இன்சூரன்ஸ்.

இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம வீடுகளில் இப்படி ஒரு பொருள் வாங்கினால் அது பாதி விளையாட்டு, பாதி சேமிப்பு. தங்கச்சி காலேஜ் ஃபீஸ், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி செலவுன்னு வந்தால் முதலில் விற்கப்படுவது அதுதான். கீறல் இல்லாமல் இருந்தால் ஒரு விலை, கீறல் இருந்தால் இன்னொரு விலை. அதோட, உடைந்து போனால் பொருள் மட்டும் போகாது. "இதெல்லாம் தேவையான்னு அப்பவே சொன்னேன்"னு வீட்டில் ஒரு பேச்சு காத்துக்கிட்டு இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவன் ஒரு மணி நேரம் கேம் ஆடுவதற்கு யாரிடமும் நியாயம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு நாமே வழி கொடுக்கவும் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு ஹேண்ட்ஹெல்ட் பெரும்பாலும் அடிபடுவது கையில் இருக்கும்போது இல்லை, பையில் இருக்கும்போதுதான். அதனால் முதல் செலவு கேரி கேஸ். மூடி திறக்கிற கெட்டியான உறை. உள்ளே ஈவிஏ ஃபோம் வைத்து, வெளியே துணி ஒட்டியிருப்பார்கள். செருப்பு அடிப்பாகத்தில் வருகிற அதே வகைப் பொருள்தான். ஸ்டீம் டெக் பெட்டியிலேயே இப்படி ஒரு கேஸ் வரும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்க. பல பேர் கருவியை மட்டும் கொடுத்துவிட்டு கேஸைத் தனியாக விற்றுவிடுவார்கள்.

கேஸில் பார்க்க வேண்டியது விலையோ பிராண்டோ இல்லை, ஆழம். ஒரு உதாரணம். நிண்டெண்டோ ஸ்விட்ச் உடம்பு 13.9 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் மேலே இருக்கும் ஸ்டிக் நுனியில் இருந்து பின்பக்க பட்டன் வரை அளந்தால் 28.4 மில்லிமீட்டர். இரண்டு மடங்கு. மெல்லிசா, அழகா இருக்குன்னு ஒரு உறையை வாங்கினால், மூடி நேராக ஸ்டிக் மேல்தான் அழுத்தும். அந்த அழுத்தம் மாசக்கணக்கில் தொடர்ந்தால் ஸ்டிக் கெடும். தம்பி தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறவன். "வெர்னியர் காலிபர் போட்டுப் பாக்கட்டுமாண்ணா?" என்றான். தாராளமா பாருன்னு சொன்னேன். காலிபர் இல்லாதவங்களுக்கு வேற வழி இருக்கு. கேஸுக்குள் கருவியை வைத்து மூடி, மேல் மூடியை உள்ளங்கையால் லேசாக அழுத்துங்க. ஸ்டிக் அசைவது கைக்குத் தெரிந்தால் அந்தக் கேஸ் வேண்டாம்.

மாடலையும் சரியா சொல்லி வாங்கணும். ஸ்விட்ச் லைட்டுக்கு 5.5 அங்குல ஸ்கிரீன், பழைய ஸ்விட்சுக்கு 6.2, ஓஎல்இடி மாடலுக்கு 7, 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2க்கு 7.9. கடையில் "ஸ்விட்ச் கேஸ் ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டால் நாலில் எதுவும் வரலாம். முடிந்தால் கருவியைக் கையில் கொண்டு போங்க. ஓசூரில் இருக்கிறவங்களுக்கு பெங்களூரு எஸ்பி ரோடு கிட்ட, சென்னையில் இருக்கிறவங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்.

இப்போ ஸ்கிரீன். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது. குவாரி, கல் அறுக்கிற பட்டறை, லோடு ஏற்றிப் போகும் லாரி. காற்றில் இருக்கும் தூசியில் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கும். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. சாதாரண கண்ணாடி 5.5 அளவில். ஆக, நம்ம ஊர் தூசி கண்ணாடியைக் கீறும். ஸ்கிரீனில் தூசி படிந்ததும் சட்டை நுனியால் துடைக்கிறோமே, அதுதான் பெரிய ஆபத்து. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. முதலில் தூசியை ஊதி விடுங்க, இல்லைன்னா மெல்லிய பிரஷ்ஷால் தள்ளி விடுங்க. பிறகு மைக்ரோஃபைபர் துணி.

அப்போ டெம்பர்டு கிளாஸ்? கட்டாயம் ஒட்டுங்க. சில நூறு ரூபாய் செலவு. ஆனால் அட்டையில் போட்டிருக்கும் "9எச்" என்ற எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மோஸ் அளவு இல்லை. பென்சில் கடினத்தை வைத்துச் செய்யும் சோதனையின் அளவு. அதாவது 9எச் பென்சிலால் கீறல் விழாது, அவ்வளவுதான். கிரானைட் தூசிக்கு அந்தக் கிளாஸும் கீறும். கீறட்டும், அதுக்குத்தானே ஒட்டுறோம். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கலாம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஸ்விட்ச் ஓஎல்இடி, ஸ்விட்ச் 2 இரண்டிலும் ஸ்கிரீன் மேல் கம்பெனியே ஒரு மெல்லிய ஃபிலிம் ஒட்டியிருக்கும். கண்ணாடி உடைந்தால் சில்லு சிதறாமல் இருக்க. புதுப் பொருளில் வருகிற பாதுகாப்புத் தாள்னு நினைத்து உரித்து விடாதீங்க. நிண்டெண்டோவே உரிக்கக் கூடாது என்கிறது. அதன் மேலேயே கிளாஸ் ஒட்டலாம். இரண்டாவது, ஸ்டீம் டெக்கில் விலை கூடிய சில மாடல்களில் வெளிச்சம் கூசாமல் இருக்க கண்ணாடியையே சொரசொரப்பாக்கி இருப்பார்கள். அதன் மேல் பளபள கிளாஸை ஒட்டினால் கூடுதலாகக் கொடுத்த காசு வீண். மேட் கிளாஸ் கேட்டு வாங்குங்க.

அடுத்து, விளையாடும்போது மாட்டியிருக்கும் கிரிப் கேஸ். ரப்பர் மாதிரி இருக்கும் டிபியு உறை. கை வியர்த்தால் வழுக்காது, மேசையில் இருந்து விழுந்தால் மூலையைக் காப்பாற்றும். நல்லதுதான். ஆனால் இங்கே வெயில் குறுக்கே வருது. 2022 ஜூலையில் பல நாடுகளில் கடும் வெயில் அடித்தபோது, ஸ்டீம் டெக்கை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்லி வால்வ் அறிவித்தது. அதற்கு மேல் போனால் கருவி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அதே சமயத்தில் நிண்டெண்டோவும் 5 முதல் 35 டிகிரி என்று சொன்னது. ஊத்தங்கரை பக்கம் ஏப்ரல், மே மாதத்தில் 35 டிகிரி என்பது காலை பதினோரு மணிக் கணக்கு!

அதனால் கிரிப் கேஸ் வாங்கும்போது கருவியின் மூச்சு வாங்கும் வழியைப் பாருங்க. ஸ்டீம் டெக் பின்பக்கம் காற்றை இழுத்து, மேல் விளிம்பு வழியாக வெளியே தள்ளும். கேஸில் அந்த இரண்டு இடமும் முழுசா திறந்திருக்கணும். "கொஞ்சம் மறையுது, பரவாயில்ல சார்"னு கடைக்காரர் சொன்னால் வைத்துவிட்டு வந்துடுங்க. வெப்பம் சும்மா இல்லை. ராக் ஆலையின் முதல் மாடலில், வெப்பத்தால் மெமரி கார்டு ரீடர் செயலிழக்கக்கூடும் என்று 2023இல் அசூஸே ஒப்புக்கொண்டது. மத்தியான வெயிலில் விளையாடினால் கிரிப் கேஸைக் கழற்றி விடுங்க, ஃபேன் பக்கத்தில் உட்காருங்க. ஓடிக்கொண்டிருக்கும் கருவியை அப்படியே கேரி கேஸில் போட்டு மூடாதீங்க. குறிப்பாக விண்டோஸ் கருவிகள் தூங்குற மாதிரி தூங்கிப் பைக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். ஷட் டவுன் பண்ணிட்டு வைங்க.

தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஃபேனில் தூசி சேர்ந்துவிட்டதுன்னு ஷாப் ஃப்ளோரில் இருக்கும் ஏர் கன்னை வைத்து அடிக்காதீங்க. அந்த அழுத்தத்துக்கு இந்தக் குட்டி ஃபேன் தாங்காது, அளவு மீறிச் சுழன்று பேரிங் போய்விடும். கம்ப்ரஸர் காற்றில் ஈரமும் ஆயிலும் வேற வரும். கையால் அமுக்கி ஊதும் ரப்பர் புளோயர் போதும்.

சார்ஜர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டீம் டெக்குக்கு 45 வாட், ராக் ஆலைக்கு 65 வாட் சார்ஜர் பெட்டியில் வரும். வெளியே வாங்கினால் யூஎஸ்பி-சி, பவர் டெலிவரி என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்க. கருவியும் சார்ஜரும் பேசிக்கொண்டு எத்தனை வோல்ட் என்று முடிவு செய்யும் முறை அது. பவர் பேங்க் வாங்கினாலும் இதேதான். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி, 74 வாட் மணி. ஸ்டீம் டெக்கின் பழைய மாடல் பேட்டரி 40, ஓஎல்இடி மாடல் 50. வழியில் வீணாவது போக, ஒருமுறை முழுசா சார்ஜ் ஏற்றலாம். ஓசூர் பஸ்ஸுக்கு அது தாராளம்.

வேண்டாதது எது? இருபது பொருள் அடங்கிய "காம்போ கிட்" வேண்டாம். அதில் உருப்படியானது இரண்டு இருக்கும், மற்றது அட்டைப்பெட்டியை நிரப்ப. பேர் தெரியாத டாக் வேண்டாம். 2018இல் ஸ்விட்சின் மென்பொருள் மாறியபோது, வேறு நிறுவன டாக்கில் செருகிய சில கருவிகள் அப்படியே செத்துப் போனதாகப் புகார் கிளம்பியது. டிவியில் விளையாடப் போறதே இல்லைன்னா டாக்கே வேண்டாம்.

தம்பிக்கு நான் சொன்ன வரிசை இது. முதல் சம்பளத்தில் கேரி கேஸ், கிளாஸ். அடுத்த மாசம் சார்ஜர் சரியில்லை என்றால் சார்ஜர். அதுக்கும் அடுத்து பவர் பேங்க். கிரிப் கேஸ் கடைசி. எல்லாம் சேர்த்தாலும் கருவி விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடைக்காரர் நமக்கு ஆசையை விற்கிறார்னு அர்த்தம்.

ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் நான் காசு சொல்லவில்லை. டிபன் பாக்ஸுக்கு ஒரு தனிப் பை. வீட்டில் இருக்கிற துணிப் பை போதும். குழம்பு கொட்டினால் எந்த ஈவிஏ கேஸ் ஜிப்பும் தடுக்காது.

உங்க பையில் கருவி எந்த இடத்தில் இருக்குன்னு இன்னிக்கு ஒருமுறை திறந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.