பூச்சிகளின் மூச்சு

கரப்பொத்தான் ஒன்றின் தலை துண்டிக்கப்பட்ட பின்னும் அதன் உடல் பல நாட்கள் உயிரோடிருப்பதுண்டு. அதற்குள்ள காரணங்களுள் ஒன்று, அது மூச்சு விடும் வாயில் தலையில் இல்லை என்பதே. மார்பில் இரண்டு சோடி, வயிற்றில் எட்டுச் சோடி, ஆக 20 நுண்ணிய துவாரங்கள் அதன் இரு விலாப்புறங்களிலும் வரிசையாக அமைந்துள்ளன.

ஒவ்வொரு துவாரத்திலிருந்தும் வாதனாளி எனப்படும் குழாய் ஒன்று உட்செல்கிறது. அது மரத்தின் வேர்போலக் கிளைத்துக் கிளைத்து, ஈற்றில் மயிரிழையினும் மெல்லிய நுண்குழாய்களாகித் தசைகளையும் நரம்புகளையும் நேரே சென்று தொடுகிறது. நம் உடலில் ஒட்சிசன் குருதியில் ஏறியே பயணஞ் செய்கிறது. குருதியின் செந்நிறம் அதைச் சுமக்கும் பொருளின் நிறமே. பூச்சிகளிற் பெரும்பாலானவற்றின் குருதிக்கு இந்தச் சுமை இல்லை; ஆகவே அந்தச் செந்நிறமும் இல்லை. நுளம்பை அடித்தபின் உள்ளங்கையிற் படியும் சிவப்பு, அது நம்மிடமிருந்தோ வேறொரு பிராணியிடமிருந்தோ களவாடியதாகும்.

சிறிய பூச்சிகளில், குழாயினுள் வாயு தானாகப் பரவுவதே போதுமென்று தென்மார்க்கு அறிஞர் ஓகஸ்ற் குறோக் 1920ஆம் ஆண்டிலே கணக்கிட்டுக் காட்டினார். பெரியவை வயிற்றைச் சுருக்கி விரித்துக் காற்றை ஊதுகின்றன. பூவிலே அமர்ந்த தேனீயின் வயிறு துடிப்பதைக் கவனித்தால் இது விளங்கும்.

துவாரங்கள் எந்நேரமும் திறந்திருப்பின் உடலின் ஈரம் ஆவியாகிவிடும். ஆகவே அவற்றுட் பலவற்றுக்குக் கதவுகள் உண்டு. உள்ளே காபனீரொட்சைட்டு மிகும்போது அவை திறக்கின்றன.

பூச்சிகள் மூச்சு விடுவதில்லை என்றே அரிஸ்டோட்டில் கருதினார். 1669ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் மால்பீகி, பட்டுப்புழுவை அறுத்து இக்குழாய்களை விவரித்தார். புழுவின் துவாரங்களில் எண்ணெய் பூசியபோது அது மடிந்தது. அந்தச் சிறு சோதனையிற் புலப்பட்ட பலவீனமே, பிற்காலத்தில் நுளம்புக்கு எதிரான ஆயுதங்களுள் ஒன்றாயிற்று.

நுளம்பின் குடம்பி நீரில் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேற்பரப்பை நாடி வரவேண்டும். கியூலெக்ஸ் இனத்தின் குடம்பி வாற்புறத்துக் குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசின் குடம்பிக்கு அக்குழாய் கிடையாது; அது நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். நீர்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் படர்ந்தால், எண்ணெய் சுவாசத் துவாரங்களினுட் புகுந்து அடைத்துவிடும்.

இத்தகைய குடம்பிகள் என்ன செய்ய வல்லவை என்பதை இலங்கை 1934–35ஆம் ஆண்டுகளில் அறிந்தது. மழை பொய்த்து ஆறுகள் வற்ற, மணலிடையே தங்கிய தெளிந்த குட்டைகளில் அனோபிலிஸ் பெருகிற்று. அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். டி.டி.ரி. மருந்து வருமுன்னர், இத்தகைய நீர்நிலைகளில் எண்ணெய் தெளிப்பது மலேரியாத் தடுப்பு வேலையின் ஒரு பகுதியாயிருந்தது.

இலங்கையில் மலேரியா ஒழிந்ததென 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்தியாவில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றுக் குட்டைகளையன்றி, வீட்டுக் கிணறுகளையும் தொட்டிகளையும் அது நாடுகிறது. குடிக்கும் கிணற்றில் எண்ணெய் ஊற்றுவார் யார்? வாயை வலையால் மூடுவது, குடம்பி தின்னும் சிறு மீன்களை விடுவது போன்ற வழிகளையே அங்கே கைக்கொள்ள வேண்டும்.

நாளைக் காலை கிணற்றில் நீரள்ளியதும் வாளியைச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். தலைகீழாகத் தொங்காமல், நீர்மட்டத்தோடு படுத்திருக்கும் குடம்பி தென்படின், அந்த நீரைக் கொட்டிவிடாது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் காட்டுங்கள்.