சாக்கு எடையைக் கழிக்க மறந்த விமானம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.)

ஏற்காட்டுல இருந்து பேசுறேன். பின்னாடி தடதடன்னு ஒரு சத்தம் கேட்டா பயப்படாதீங்க, அது மழை. எங்க வீடு தகரக் கூரை. அந்தச் சத்தத்தை மட்டும் தனியா எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

நான் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவன். பழம் பறிக்கிற சீசனில் சாயங்காலம் ஆனால் தராசு பக்கத்தில்தான் நிற்பேன். யார் எத்தனை கிலோ, சாக்கு எடை போக எவ்வளவு என்று நோட்டில் ஏற்ற வேண்டும். அது பகல் வேலை. ராத்திரி நான் விமானம் விற்கிறேன்.

சிரிக்காதீங்க, நிஜமாகவே விற்கிறேன். என்ன, விமானம் நிஜம் இல்லை. பணமும் நிஜம் இல்லை.

நேஷன்ஸ்டேட்ஸ் என்று ஒரு இணைய விளையாட்டு. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பாரி 2002 நவம்பரில் ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு நாட்டை உருவாக்கி நடத்தலாம். அவர் அதைத் தன் நாவலுக்கு விளம்பரமாகத்தான் போட்டார். ஆனால் விளையாட வந்தவர்கள் அதற்குள்ளேயே ஒரு தனி உலகத்தைக் கட்டிக்கொண்டார்கள். நாடு என்றால் ராணுவம் வேண்டும், ராணுவம் என்றால் விமானம் வேண்டும். அதைச் செய்து விற்க ஒருத்தன் வேண்டும் இல்லையா? அப்படித்தான் கற்பனைக் கம்பெனிகள் வந்தன. மூன்று பக்கப் படம், அளவுகள், எடை, வேகம், விலை எல்லாம் எழுதி வைப்போம். வேறொரு நாட்டுக்காரர் வந்து "24 வேண்டும், மூன்று வருஷத்தில் கொடுங்கள்" என்று ஆர்டர் போடுவார். நாம் ரசீது எழுதுவோம். அவ்வளவுதான் வியாபாரம்.

கையில் எதுவும் மாறாது. அப்போ என்னதான் விற்கிறோம்? "என் நாட்டில் இந்த விமானம் இருக்கு" என்று சொல்லிக்கொள்கிற உரிமையை. அவர் எழுதும் கதையில் என் விமானம் பறக்கும். இதில் காசு பார்க்கிற வகையும் உண்டு. செகண்ட் லைஃப் மாதிரி உலகங்களில் விமானம் செய்து அங்கேயுள்ள லிண்டன் டாலருக்கு விற்றால், அதை உண்மையான டாலராக மாற்றலாம். எனக்கு அந்தப் பக்கம் அனுபவம் கிடையாது. நான் ஓசிக் கம்பெனி.

இந்தச் சந்தையில் நன்றாகப் போவது போர் விமானம்தான். ஒலியைவிட இரண்டரை மடங்கு வேகம், ரேடாரில் தெரியாது, விலையும் குறைவு. எல்லாரும் இதையே எழுதுவார்கள். எனக்கு அதைப் படிக்கிறப்போ எல்லாம் மாருத் ஞாபகம் வரும். ஜெர்மன் வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் பெங்களூரில் உட்கார்ந்து நமக்காக வரைந்த எச்.எஃப்.-24. 1961 ஜூனில் முதலில் பறந்தது. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்துக்கு யோசித்த உடம்பு அது. அதற்கேற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைத்த ஆர்ஃபியஸ் எஞ்சினை வைத்து ஒலி வேகத்தை எட்டுவதே பெரும்பாடு. மொத்தம் செய்தது 147. எங்க கற்பனைக் கம்பெனிகளுக்கு எஞ்சின் இலவசம். தொழிற்சாலையும் இலவசம். அதனால் "வருஷத்துக்கு 500 கொடுப்போம்" என்று கூசாமல் எழுதுவோம்.

நான் போர் விமானம் வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். எங்க ஊருக்கு ஒரு விமானம் செய்யணும்னு ஆசை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. லாரி ஏறி இறங்குகிறது, பிரச்சினை இல்லை. விமானம் தேவையே இல்லாத ஊர். அதனால் என் கற்பனை நாட்டில் முதல் வேலையாக அந்த மலைப்பாதையை அழித்துவிட்டேன். இப்போ காபி எப்படிக் கீழே போகும்? சேர்வராயன் மலையோட உச்சி கூராக இருக்காது, மேஜை மாதிரி தட்டையாக இருக்கும். பாக்சைட் படிந்த உச்சிகள் அப்படித்தான். அங்கே ஓடுதளம் போடலாம் என்று வரைந்தேன். வீட்டில் அம்மா பார்த்துவிட்டு, "சாமி இருக்கிற எடத்துலயாடா ஏரோப்ளேன் விடப்போற?" என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுதாம்மா என்றேன். "விளையாட்டுன்னாலும்" என்றார்கள். சரி என்று கோயிலை விட்டு விலகி, 1,500 மீட்டர் உயரத்தில், 500 மீட்டர் நீளத்துக்கு ஒரு தளம் வைத்தேன். விமானத்துக்குப் பெயர் காட்டெருமை. இங்கே தோட்டத்துக்குள் வந்து நிற்குமே, அதேதான்.

இரண்டு டர்போபிராப் எஞ்சின், மேல்பக்கம் இறக்கை, பின்னால் பெரிய கதவு. காலி எடை 2,400 கிலோ. சரக்கு 2,000 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 40. அதிகபட்சப் புறப்பாட்டு எடை 4,800 கிலோ. முழுச் சரக்கோடு 1,500 கி.மீ. போகும். படம் நன்றாக வந்திருந்தது, நானே சொல்லக்கூடாது. ஒரே மாதத்தில் ஆறு ஆர்டர்.

அப்புறம் ஒருத்தர் வந்தார். வடக்கு ஐரோப்பாவிலிருந்து விளையாடுகிறவர். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. கேட்டது ஒரே கேள்வி: "பெட்ரோல் எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

டேங்க் இறக்கைக்குள் இருக்கு என்று படத்தைக் காட்டினேன். அவர் கேட்டது அது இல்லை. காலி எடை 2,400, சரக்கு 2,000. இரண்டு விமானிகள், அவர்கள் பை எல்லாம் சேர்த்து 180. கூட்டினால் 4,580. மொத்தம் 4,800 என்றால் மீதி 220 கிலோ. அந்த அளவு எஞ்சின் இரண்டும் சேர்ந்து மணிக்குச் சுமார் 275 கிலோ எரிபொருள் குடிக்கும். 220 கிலோ 48 நிமிஷத்துக்குத்தான் வரும். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் 1,500 கி.மீ. போக ஐந்து மணி நேரம் ஆகும், அதற்கு 1,375 கிலோ வேண்டும்.

எனக்கு முகம் சுண்டிப் போச்சு. கணக்கு கஷ்டம் என்பதால் இல்லை. தினமும் தராசில் நின்று, சாக்கு எடையைக் கழித்தாயா என்று அடுத்தவரைக் கேட்கிறவன் நான். தராசில் ஒரு கிலோ தப்பினால் அது ஒருத்தர் கூலி. அதே ஆள் ராத்திரியில் ஒரு டன்னுக்கு மேல் காணாமல் போனதைக் கவனிக்கவில்லை. கற்பனைதானே என்கிற அலட்சியம்.

எடை உண்மையான விமானத்தையும் விடாது. நம்ம தேசிய விண்வெளி ஆய்வகம் செய்த சரஸ், 2004 மே மாதம் முதலில் பறந்தப்போ, திட்டமிட்டதைவிட நூற்றுக்கணக்கான கிலோ கூடுதலாக இருந்தது. அத்தனை விஞ்ஞானிகள் இருந்தும் அப்படி. காகிதத்தில் எடை ஏறாது, அதான் ஆபத்து. அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்கும்போது தாழ்வாகப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை நண்பர்களோடு வடிவமைத்தார். அதுவும் காகித விமானம்தான். ஆனால் பேராசிரியர் சீனிவாசன் வேலை சரியில்லை என்று சொல்லி மூன்று நாள் கெடு கொடுத்தார், முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். எனக்கு அந்த வேலையை அந்த ஐரோப்பியர் செய்தார்.

திரும்ப முதலிலிருந்து உட்கார்ந்தேன். இந்தத் தடவை உண்மையான விமானங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ட்வின் ஆட்டர் 5,670 கிலோ, இறக்கைப் பரப்பு 39 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் இறக்கை 145 கிலோ சுமக்கிறது. நம்ம எச்.ஏ.எல். கான்பூரில் செய்கிற டோர்னியர் 228-ல் அது 200 கிலோ, அதனால் அதற்குக் கொஞ்சம் நீளமான தளம் வேண்டும். நான் ட்வின் ஆட்டர் பக்கம் சாய்ந்தேன். 5,800 கிலோ, 40 சதுர மீட்டர், காலி எடை 3,300. இதெல்லாம் பெருமைப்படும் எண்கள் இல்லை. ஆனால் நம்பலாம்.

அடுத்தது காற்று. இதைத்தான் மலையில் இருக்கிறவனே மறந்துவிட்டேன். 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 86 சதவீதம். ஏப்ரல் மத்தியானம் 30 டிகிரி வந்தால் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். என் விமானம் ஃப்ளாப் முழுசாக இறக்கினால் கடல்மட்டத்தில் மணிக்கு 112 கி.மீ. வரை விழாமல் மிதக்கும். இங்கே வெயிலில் அதுவே 126. வேகம் 12 சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் தரையில் ஓடி நிற்கிற தூரம் வேகத்தின் இருமடிக்குப் போகும். கால்வாசிக்கு மேல் கூடிவிடும். கீழே 500 மீட்டரில் நிற்கிற விமானம், மேலே வேலியைத் தாண்டிப் போகும்.

நிஜமாகவே போனது. எக்ஸ்-பிளேன் என்று ஒரு பறக்கும் சிமுலேட்டர், ஆஸ்டின் மேயர் செய்தது. அதோடு பிளேன் மேக்கர் என்று ஒரு மென்பொருள் வரும். உங்கள் விமானத்தின் வடிவத்தைக் கொடுத்தால், இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் காற்று என்ன செய்கிறது என்று கணக்கிட்டுப் பறக்க வைக்கும். நீங்கள் எழுதிய விளம்பரத்தை அது படிக்காது, அதனால் எனக்குப் பிடிக்கும். காமலாபுரத்தில் நம்ம சேலம் விமான நிலையத்திலிருந்து கிளப்பினேன். அங்கே 1,800 மீட்டர் ஓடுதளம், பாதிகூடத் தேவைப்படவில்லை. ஏற்காடு தளத்தில் இறங்கினேன், நேராகச் சில்வர் ஓக் மரங்களுக்குள் போய்விட்டது. மூன்று தடவை. கடைசியில் நேபாளத்து லுக்லாவைப் பார்த்துத் திருந்தினேன். அங்கே ஓடுதளம் 527 மீட்டர்தான், ஆனால் 12 சதவீதம் கிட்ட சாய்வு. ஏற்றத்தில் இறங்கு, இறக்கத்தில் கிளம்பு. என் தளத்தையும் கொஞ்சம் சாய்த்தேன். மலையில் தட்டை இடம் தேடினதே தப்பு.

இப்போ விளம்பரத்தை மாற்றி எழுத வேண்டும். 40 மூட்டை ஏற்றினால், 45 நிமிஷ ரிசர்வ் போக, 120 கி.மீ.தான் போகும். 30 மூட்டை என்றால் 650 கி.மீ. பழைய 1,500-க்குப் பதிலாக இந்த இரண்டு வரி. விலையும் கூடிவிட்டது, ஏனென்றால் விமானம் பெரிதாகிவிட்டது. யார் வாங்குவார்கள்?

அதைவிடக் கஷ்டம், ஏற்கனவே வாங்கின ஆறு பேருக்கும் எழுதுவது. சும்மா எண்ணை மட்டும் திருத்திவிட்டு இருந்திருக்கலாம், பல பேர் அப்படிச் செய்வார்கள். எனக்கு மனசு வரவில்லை. "நான் கொடுத்த எடைக் கணக்கு தப்பு, இல்லாத பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று ஆறு கடிதம் எழுதினேன். நாலு பேர் பரவாயில்லை என்றார்கள். ஒருத்தர் ரத்து செய்துவிட்டுப் போர் விமானம் வாங்கப் போய்விட்டார்.

ஆறாவது ஆள்தான் பிரச்சினை. அவர் தன் நாட்டில் வெள்ளம் வந்ததாக ஒரு நீளக் கதை எழுதி முடித்திருந்தார். என் காட்டெருமை மருந்து ஏற்றிக்கொண்டு 1,400 கி.மீ. ஒரே மூச்சில் பறந்து ஒரு தீவைக் காப்பாற்றுகிறது. பதினைந்து பேர் சேர்ந்து எழுதிய கதை. என் கடிதத்தால் அந்த விமானம் பாதி வழிக்கு முன்னாலேயே கடலில் விழுகிறது, நினைச்சுப் பாருங்க. இரண்டு நாள் அவரிடமிருந்து பதிலே இல்லை. உண்மையான பணம் போயிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது.

மூன்றாம் நாள் எழுதினார். "20 மூட்டை எடைக்கு மருந்து ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும்?"

கணக்குப் போட்டேன். எரிபொருள் 1,320 கிலோ, ரிசர்வ் போக 1,200 கி.மீ. சொச்சம். இன்னும் 200 கி.மீ. இடிக்கிறது. அவர் மருந்தைப் பாதியாகக் குறைத்து, நடுவில் ஒரு சின்னத் தீவை வரைபடத்தில் சேர்த்தார். அங்கே ஒரு கிழவர், பீப்பாயிலிருந்து கைப்பம்பு அடித்து எரிபொருள் நிரப்புகிறார். விமானி சீக்கிரம் சீக்கிரம் என்கிறார், கிழவர் ஒவ்வொரு பீப்பாயாக எண்ணிச் சிலேட்டில் எழுதுகிறார்.

அந்தக் கிழவரை எழுத அவர் என்னைக் கூப்பிட்டார். எழுதிக் கொடுத்தேன். காலிப் பீப்பாயின் எடையைக் கழித்துத்தான் எழுதுவார் அவர்.

மழை விட்டிருச்சு போல. காட்டெருமையின் மூன்று பக்கப் படத்தையும் புது எடைப் பட்டியலையும் இந்தப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். தப்பு இருந்தா எழுதுங்க.